கொம்பில்லாத மான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜி.பி.எஸ். தடத்தால் படம் வரைவது, அதாவது நடக்கும் வழியைக் கைபேசிச் செயலியில் பதிந்து, வரைபடத்தில் விழும் கோட்டையே ஓவியமாக்குவது பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை அருமை. 2008-இல் ஜப்பான் நெடுக 7,163.7 கிலோமீட்டர் சுற்றி, ‘என்னை மணந்துகொள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய யாசுஷி தகஹாஷியைப் பற்றிப் படித்தபோது, காதலித்தால் இப்படியல்லவா காதலிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால், எந்த ஊரிலும் எதையும் வரைந்துவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. பட்டவன் சொல்கிறேன்.

ஒசாகாவில் வேலை பார்க்கும் நான், போன மாதம் அருகிலுள்ள நாரா நகரின் கசுகா தைஷா ஆலயத்தையொட்டி ஒரு மான் வரையப் புறப்பட்டேன். 768-இல் எழுந்ததாகச் சொல்லப்படும் ஆலயம் அது. அதன் தெய்வம் வெள்ளை மான் மீதேறி வந்ததாக ஐதீகம். அதனால் அந்த ஊரில் மான்களுக்குத்தான் முதல் மரியாதை.

கால்கள் எளிதாக முடிந்தன. 710-இல் ஜப்பானின் தலைநகராகக் கட்டம் கட்டமாக வகுத்த ஊரில் நேர்கோட்டுக்கா பஞ்சம்? வயிற்றுப் பகுதியில், மான்களுக்குப் போடும் அப்பம் வாங்கிய என்னை ஏழெட்டு மான்கள் வளைத்துக்கொண்டு சட்டை நுனியைக் கடித்து இழுத்தன. நான் சுற்றிச் சுற்றித் தப்பிய இடம் வரைபடத்தில் நூல்கண்டு போல விழுந்துவிட்டது. கல்விளக்குகள் வரிசை கட்டிய ஆலயப் பாதையில் வேறு தொல்லை. பெருமரங்களில் பட்டு சிக்னல் சிதறியதால், நேராக நடந்த எனக்குக் கைபேசி கோணல் கழுத்தைப் போட்டது.

கொம்பு மட்டும் கிழக்கே கசுகா மலைக்காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. 841-இலிருந்து வேட்டையும் மரம் வெட்டுவதும் தடை செய்யப்பட்ட காடு அது. பாதையை விட்டு உள்ளே கால் வைக்கக் கூடாது. பதிவை நிறுத்திவிட்டு வேறிடத்தில் தொடர்ந்தால், செயலியே இரண்டு புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்துவிடும் என்பது தெரியும். நடக்காத வழியை நடந்ததாகக் காட்ட மனம் வரவில்லை. காட்டுக்குள் நேராக ஏறியிறங்கும் கோடுகளோடு சிலர் பெருமையாகப் படம் போடுகிறார்களே, அவர்கள் பொய்க்கோடு போட்டார்களா, காட்டையே மிதித்தார்களா? கட்டுரையாளர் இதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம்.

நாராவில் ஆண் மான்கள் யாரையும் முட்டிவிடாதபடி இலையுதிர் காலத்தில் கொம்பை அறுப்பது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். திரும்பும் வழியில், அப்பம் விற்ற பாட்டியிடம் என் மொட்டை மானைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர், “இதற்குக் கொம்பு அறுத்தாகிவிட்டதா?” என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒசாகா.