எண்ணெய் எப்படி உண்டாகிறது: கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

உன் மெயிலை இரண்டு தரம் படித்தேன். சனிக்கோளின் நிலவான டைட்டனில் உயிர் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை, ஆனாலும் அங்கே மீத்தேன் ஏரி ஏரியாகக் கிடக்கிறது, அப்படியிருக்க பூமியில் எண்ணெய் உண்டாக மட்டும் ஏன் செத்த உயிர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்காலம் முழுக்கக் கச்சா எண்ணெய் சாம்பிள்களோடு லேபில் கிடந்தவள் நான். இந்தக் கேள்வி உன்னிடமிருந்து வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

முதலில் டைனோசரை ஒதுக்கிவிடுவோம். டைனோசர் செத்து எண்ணெய் ஆனது என்று இந்தத் துறையில் யாரும் சொல்வதில்லை. கடலிலும் ஏரியிலும் மிதந்த பாசியும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் போய்ப் படிகின்றன. மேலே மண் சேரச் சேர அந்தச் சேறு ஆழத்துக்கு இறங்கி, இறுகிக் களிப்பாறை ஆகிறது. அதற்குள் மாட்டிக்கொண்ட உயிர்ப்பொருள்தான் கெரோஜன். சுமார் 60-லிருந்து 150 டிகிரி வரையான சூட்டில் அது எண்ணெயாகப் பிரிகிறது. சோறு வடிக்கிற பக்குவம்தான்: சூடு போதாவிட்டால் வேகாது, கூடிப்போனால் எண்ணெயும் சிதைந்து வெறும் வாயு மட்டும் மிஞ்சும். எங்கள் பக்கம் சொல்லும் கதை இவ்வளவுதான்.

இதைச் சந்தேகித்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. தனிம அட்டவணை தந்த மெண்டலீவ், பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடும் தண்ணீரும் வினைபுரிந்து எண்ணெய் உண்டாகிறது என்று 1877-ல் சொன்னார். 1951-ல் சோவியத் ஒன்றியத்தில் நிலவியலாளர் குத்ரியாவ்த்சேவ் அதே திசையில் ஒரு கொள்கையை முன்வைத்தார். அப்புறம் உன் வானியல் துறைக்காரர் தாமஸ் கோல்ட். பல்சார் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று 1968-ல் சரியாகச் சொன்ன அதே கோல்ட்தான். வியாழன், சனி போன்ற கோள்களில் எல்லாம் மீத்தேன் இருக்கிறதே, பூமி உருவானபோதே உள்ளே அடைபட்ட ஹைட்ரோகார்பன்தான் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்) இன்னும் மேலே கசிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். நீ கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

கோல்டிடம் எனக்குப் பிடித்தது அவருடைய துணிச்சல். தன் கொள்கை சரியென்றால் எங்கே தோண்ட வேண்டும் என்று இடத்தைக் காட்டினார். சுவீடனில் சில்யான் என்ற இடத்தில், சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் விழுந்து நொறுங்கிய கிரானைட் வட்டம் ஒன்று இருக்கிறது. களிப்பாறைக் கோட்பாட்டின்படி அந்தக் கிரானைட்டின் ஆழத்தில் எண்ணெய் தேடுவதில் அர்த்தமே இல்லை. ஆழத்திலிருந்து வருவதென்றால், அந்த நொறுங்கிய விரிசல்கள்தான் அதற்கு நல்ல வழி. 1986-ல் கிராவ்பெர்க் கிணற்றைத் தோண்ட ஆரம்பித்து ஆறரை கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். வந்தது சுமார் 80 பீப்பாய் கறுப்புக் குழம்பு. கிணற்றுக்குள் தோண்டும்போது விட்ட எண்ணெய்ப் பொருள்கள்தான் திரும்பி வந்திருக்கின்றன என்றார்கள் மறுத்தவர்கள். கோல்ட் அதை ஏற்கவில்லை. அந்த வட்டத்தின் ஓரத்தில் பழைய காலத்துக் களிப்பாறையும் இருக்கிறது, அங்கே எண்ணெய்க் கசிவும் உண்டு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. எப்படிப் பார்த்தாலும், விற்கிற அளவுக்கு எண்ணெய் அங்கே கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு கிணறு ஏமாற்றியதால் ஒரு கொள்கை செத்துவிடாது. களிப்பாறைக் கணக்கை நம்பித் தோண்டிய கிணறுகளிலும் எத்தனையோ வறண்டு போயிருக்கின்றன. என்னை நம்ப வைத்தது சில்யான் இல்லை, எண்ணெய்க்குள்ளேயே இருப்பதுதான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சாம்பிள் வந்தால் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் வழியாக, அவற்றை உடைத்துத் துண்டுகளின் நிறையைப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்புவோம். நிறை 191 உள்ள அயனியை மட்டும் எடுத்துப் பார்த்தால் திரையில் ஹோப்பேன்கள் என்ற மூலக்கூறுகள் சிகரம் சிகரமாக வரிசையாக முளைத்து வரும். அவை பாக்டீரியாவின் செல் சவ்விலிருந்து வந்தவை. 217-ஐ எடுத்தால் ஸ்டீரேன்கள். அவை பாசி, தாவரம், விலங்கு இவற்றின் ஸ்டீரால்களிலிருந்து வந்தவை, நம் ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலின் குடும்பம். அசாம் எண்ணெய் என்றால், 30 கார்பன் ஹோப்பேனுக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சிகரம் தூக்கலாக நிற்கும். அதுதான் ஒலியனேன். பூக்கும் தாவரங்களிலிருந்து வருவது. பூக்கள் பூமியில் பரவிய காலத்துக்குப் பிறகு படிந்த பாறைகளின் எண்ணெயில்தான் அது நிறைய இருக்கும். பூமியின் அடியாழத்திலிருந்து எழுந்து வரும் எண்ணெய்க்கு, மேலே பூச்செடி எப்போது வந்தது என்று எப்படித் தெரியும்?

நீ இருக்கும் மியூனிக்கில்தான் இந்த வேலை தொடங்கியது. 1930-களின் நடுவில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயிலும் களிப்பாறையிலும் பார்ஃபிரின்களைக் கண்டுபிடித்தார். பச்சையத்தின் நடுவில் இருக்கும் அந்த வளையம், மெக்னீசியத்தை இழந்து வனேடியத்தைப் பிடித்துக்கொண்டு, கோடிக்கணக்கான ஆண்டு தாண்டியும் அப்படியே நின்றிருந்தது. மியூனிக்கில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் விட்டுவிடாதே.

கோல்ட் இதற்கும் பதில் வைத்திருந்தார். எண்ணெய் ஆழத்திலிருந்துதான் வருகிறது, வழியில் பாறைக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தங்கள் மிச்சத்தை அதில் விட்டுவிடுகின்றன என்றார். அந்த நுண்ணுயிர்கள் விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது. தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் பாக்டீரியா வாழ்வதைப் பின்னாளில் பார்த்தார்கள். அதனால் ஹோப்பேனை மட்டும் காட்டி அவரை மடக்க முடியாது. ஆனால் வெளிச்சமே படாத இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்குப் பச்சையம் எதற்கு? பூச்செடியின் மூலக்கூறு அதனிடம் எப்படி வரும்? இந்த இரண்டுக்கும் திருப்தியான பதிலை நான் எங்கேயும் படித்ததில்லை.

கிரானைட்டில் எண்ணெய் கிடைக்கிறதே என்றும் கேட்டிருந்தாய். கிடைக்கிறது. வியட்நாமின் வெள்ளைப்புலி வயலில் கிரானைட் விரிசல்களிலிருந்தே பெருவாரியாக எடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் காவிரிப் படுகையில் மாதானம், பந்தநல்லூர் பக்கம் ஓ.என்.ஜி.சி. அடிப்பாறையிலேயே, அதாவது படிவுகளுக்கெல்லாம் அடியில் கிடக்கும் பழைய கெட்டிப் பாறையிலேயே, எண்ணெய் கண்டிருக்கிறது. ஆனால் எண்ணெய் இருக்கிற இடம் வேறு, பிறந்த இடம் வேறு. அடிப்பாறை ஒரு மேடாக நிற்கும், அதன் இரண்டு பக்கச் சரிவிலும் களிப்பாறை அதைவிட ஆழத்தில் கிடக்கும். ஆழத்தில் சூடேறிப் பிறந்த எண்ணெய், மேல்நோக்கி நகர்ந்து மேட்டின் விரிசலுக்குள் புகுந்துகொள்கிறது. காவிரிப் படுகையில் அந்தக் களிப்பாறை, இந்தியா கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்து ஆண்டிமடம் படிவு. கிணற்று எண்ணெயின் சிகரங்களையும் களிப்பாறையிலிருந்து எடுத்த சாற்றின் சிகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எது எதற்குப் பிறந்தது என்று சொல்வோம். கிரானைட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. அது எனக்குக் கோபம் வருகிற இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. களிப்பாறைத் தூளையும் தண்ணீரையும் இரும்புக் கலனில் அடைத்து, முந்நூறு டிகிரிக்கு மேல் சில நாள் வைத்துத் திறந்தால் தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும். கோடி ஆண்டு வேலையைக் கூடுதல் சூட்டால் சுருக்கிச் செய்வது இது.

உன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உயிரில்லாமல் ஹைட்ரோகார்பன் உண்டாகும், அதில் சந்தேகமே வேண்டாம். 1925-ல் மியூல்ஹைமில் ஃபிஷரும் டிராப்ஷும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் வைத்துச் செய்தே காட்டிவிட்டார்கள். அட்லாண்டிக் அடியில் லாஸ்ட் சிட்டி வெந்நீர் ஊற்றுகளில் பாறையும் தண்ணீரும் சேர்ந்து மீத்தேன் முதலான சிறிய ஹைட்ரோகார்பன்களை இன்றைக்கும் உண்டாக்குகின்றன. கனடாவின் கிட் கிரீக் சுரங்க வாயுவும் அப்படித்தான். வழக்கமான எண்ணெய் வயல் வாயுவில் மீத்தேனைவிட ஈத்தேனில் கார்பன்-13, அதாவது கார்பனின் கொஞ்சம் கனமான வகை, கூடுதலாக இருக்கும், கிட் கிரீக்கில் அது தலைகீழ். ஆக உயிரில்லா ஹைட்ரோகார்பனுக்குத் தனி அடையாளம் உண்டு. உலகின் பெரிய வயல்களின் வாயுவில் அந்த அடையாளம் தெரிவதில்லை என்பதுதான் விஷயம். டைட்டனின் ஏரிகளில் இருப்பது பெரும்பாலும் மீத்தேனும் ஈத்தேனும். ஆயிரக்கணக்கான கூட்டுப்பொருள் கலந்த நம் காவிரிப் படுகை நரிமணம் கச்சா எண்ணெயை அதோடு நேராக ஒப்பிட முடியாது.

நீ அனுப்பிய வீடியோவில் அந்த மனிதர் கடைசியில் எண்ணெய் தீரவே தீராது என்று முடிக்கிறார். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மெண்டலீவ் சொன்னது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், நாம் எடுக்கிற வேகத்தில் அது ஊறும் என்பதற்கு என்ன ஆதாரம்? தோண்டி ஐம்பது வருஷமான கிணற்றில் அழுத்தம் எப்படி விழுகிறது என்று உன் மாமாவிடம் கேட்டுப் பார், கதை கதையாகச் சொல்வார். கோல்டாவது இந்த இடத்தில் தோண்டு என்று சொன்னார். இவர் எங்கே தோண்டச் சொல்கிறார்?

உன் பேராசிரியரிடம் ஒன்று கேட்டுச் சொல். டைட்டனுக்குப் போகப்போகிற டிராகன்ஃபிளை கலத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறதாமே, எந்த அளவு பெரிய மூலக்கூறு வரை அது பிரித்துக் காட்டும்? அங்கே தரையில் கிடக்கும் கரிமப் பொருளில் கார்பன் சங்கிலிகள் எப்படிப் பரவியிருக்கும் என்று நீ இப்போதே எதிர்பார்ப்பை எழுதி வைத்தால், நம் எண்ணெய்களின் சிகர வரைபடம் சிலவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய அச்சுப்பிரதிகள் என் பீரோவில் இருக்கின்றன, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டதா? ராத்திரி ரொம்ப நேரம் விழிக்காதே. அப்பா உனக்குப் பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறார், அடுத்த பார்சலில் வரும்.

அன்புடன்,
அம்மா