உன் தாத்தாவிடமிருந்து எனக்கு வந்த மௌனம்

அன்பு மகளுக்கு,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அப்பா எழுதிக்கொள்வது. உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கோபத்தில் நீ இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தபோது, "அம்மா, நான் என்ன செய்தேன்?" என்று உன் மகன் கதவோரம் நின்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். இது பரம்பரைச் சாபமா, இதை முறிக்க யாரிடமாவது போய் விடுதலை ஜெபம் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய்.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். உன் தாத்தா கோபப்பட்டால் வாரக்கணக்கில் பேசமாட்டார். அவருடைய காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைய நாள் எப்படி இருக்கும் என்று கணிக்கப் பழகியவன் நான். என் பிள்ளைகளிடம் ஒருபோதும் அப்படி நடக்கமாட்டேன் என்று சிறுவயதிலேயே உறுதி எடுத்தேன். ஆனால் நீ எட்டாம் வகுப்பில் ஒரு பொய் சொன்னதற்காக ஒன்பது நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். கை ஓங்கவில்லை என்பதால் நான் நல்ல தகப்பன் என்றே அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்ற, வேதாகமத்தின் யாத்திராகமம் 20-ஆம் அதிகார வசனத்தைக் காட்டிப் பலர் பயமுறுத்துவார்கள்; அடுத்த வசனமே ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்று சொல்வதை அவர்கள் வாசிப்பதில்லை. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன நாட்களில் இஸ்ரவேல் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்த பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று எசேக்கியேல் 18-இல் கர்த்தரே தடுத்தார். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்றார். ஆகவே தாத்தாவின் குற்றம் உன்மேல் இல்லை, என் குற்றமும் உன்மேல் இல்லை. பழக்கம் மட்டும் வந்திருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் வீட்டில் கண்டதையே கற்றுக்கொள்கிறார்கள்.

யாக்கோபின் குடும்பத்தைப் பார். வெள்ளாட்டுத் தோலைக் கையில் கட்டிக்கொண்டு தன் தகப்பனை ஏமாற்றிய யாக்கோபை, தங்கள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, அவனுடைய அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் காட்டி அவனுடைய பிள்ளைகள் ஏமாற்றினார்கள். ஒரு பிள்ளையை மட்டும் அதிகமாய் நேசிக்கும் வழக்கமும் ஈசாக்கிடமிருந்து அவனுக்கு வந்தது. யோசேப்பை விற்கச் சொன்ன யூதா, ஆதியாகமம் 44-இல் கடைசித் தம்பி பென்யமீனுக்காகத் தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுக்கும் இடத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். யாக்கோபு மாறவில்லை, அந்தப் பாரபட்சமும் மாறவில்லை. தகப்பனுடைய ஜீவன் இளையவனுடைய ஜீவனோடு ஒன்றாய் இணைந்திருக்கிறது என்று யூதாவே கசப்பில்லாமல் சொல்கிறான். தகப்பன் திருந்தும்வரை அவன் காத்திருக்கவில்லை, மகளே. நீயும் எனக்காகக் காத்திருக்கவேண்டாம்.

நானும் ஒருமுறை விடுதலை ஜெபத்துக்குப் போனேன். முன்னோர்களின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதேன். மூன்றாம் நாள் உன் அம்மாவோடு மறுபடியும் பேச்சை நிறுத்தினேன். அந்த ஜெபம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனுடைய பாவத்தை அறிக்கையிட்டேன், என் பாவத்தை அறிக்கையிடவில்லை. "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று ஜெபித்த நெகேமியா, "நானும்" என்று தன்னை முதலில் வைத்தான். அந்த ஒரு சொல்லுக்கு வர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது நான் காலையில் இப்படி ஜெபிக்கிறேன்: "ஆண்டவரே, முன்னோர்களால் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையினின்று உம்முடைய குமாரனின் இரத்தத்தினால் மீட்கப்பட்டவன் நான். பேசாமலிருந்து தண்டித்தது என் பாவம். என் தகப்பனை மன்னிக்கிறேன், என்னை மன்னியும். இன்று கோபம் வரும்போது வாயைத் திறக்கும் தாழ்மையை எனக்குத் தாரும்." கோபம் வந்த நாளில், பேச முடியாவிட்டாலும், "எனக்குக் கோபமாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் பேசுகிறேன்" என்றாவது சொல்லிவிடுகிறேன். ஜெபத்தோடு இதையும் செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்குள் ஏதோ தளர்ந்தது. மனநல ஆலோசகரிடம் போக உனக்குத் தோன்றினால் போ. அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்ல விடாதே.

அந்த ஒன்பது நாட்களுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உடனே மன்னிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அப்பா வருத்தப்படமாட்டேன்.

இன்றிரவு உன் மகன் தூங்கும் முன் அவன் அருகில் உட்கார்ந்து, அவன் எந்தத் தவறும் செய்யவில்லை என்று சொல். அவனுடைய தாத்தாவாகிய நானும் இப்படித்தான் இருந்தேன் என்று சொல். தாத்தாதான் சொல்லச் சொன்னார் என்றும் சொல்.

ஜெபத்துடன்,
அப்பா