எடை குறைந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மெல்லிய எஃகுச் சட்டங்களில் பலகை அடித்துக் கட்டும் அடுக்குமாடி வீடுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘எடை குறைவு, ஆகவே நிலநடுக்கத்துக்கு அஞ்ச வேண்டாம்’ என்று சொல்கிறது. கட்டமைப்புப் பொறியாளனான எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது.

நிலம் குலுங்கும்போது கட்டடத்தின் மேல் வரும் விசை அதன் எடைக்கேற்பக் கூடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். எஃகுச் சட்டச் சுவர் அதில் சிறு பங்குதான். 2001இல் குஜராத்தின் பூஜ் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில், வண்டி நிறுத்தத் தரைத்தளத்தை வெறும் தூண்களாக விட்டு, மேலே கனத்த சுவர் ஏற்றிய குடியிருப்புகள் சரிந்து விழுந்தன. அதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி.

ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள சட்டம், தனியாக நின்றால் பக்கவாட்டுத் தள்ளலில் கோணிவிடும். அதைக் கோணாமல் பிடிப்பது மேலே அடித்த தகடோ பலகையோதான்; அந்தப் பலகையைப் பிடிப்பவை நூற்றுக்கணக்கான ஸ்க்ரூக்கள். குலுக்கலில் பெரும்பாலும் முதலில் தளர்வதும் அவையே. ஆறேழு மாடி என்றால் சுவரின் ஓரம் அஸ்திவாரத்தை விட்டு மேலெழப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்க மேல்தளம் முதல் அடித்தளம் வரை இரும்புக் கம்பிகள் தேவை. செயற்கையாகக் குலுக்கிக் கட்டடங்களைச் சோதிக்கும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ குலுக்கு மேடையில் 2016இல் இத்தகைய ஆறு மாடிக் கட்டடமும் 2025இல் பத்து மாடிக் கட்டடமும் இடியாமல் நின்றன என்றால், இவை அனைத்தையும் கணக்கிட்டுச் செய்ததால்தான். நிலநடுக்க அபாயம் மிகுந்த திரிபுரா தலைநகர் அகர்தலாவில், புதிய கட்டுமான முறைகளுக்கு முன்மாதிரியாக மத்திய அரசு நடத்திய ‘லைட் ஹவுஸ்’ வீட்டுத் திட்டத்தில் கட்டிய 1,000 வீடுகளிலும் மெல்லிய சுவரை மட்டும் நம்பவில்லை. கனமான எஃகுத் தூண், உத்தரங்களும் உண்டு.

என் கவலை குடியேறிய பிறகு நடப்பதைப் பற்றியது. ஏசி குழாய்க்காக ஒரு சட்டத்தை அறுப்பார்கள். சமையலறையை விரிக்கச் சுவரையே எடுப்பார்கள். ஆகவே எந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது என்று காட்டும் வரைபடத்தை வீட்டுச் சாவியோடு ஒவ்வொரு உரிமையாளருக்கும் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். மேற்பூச்சு மூடிவிட்டால் ஸ்க்ரூ வரிசை கண்ணுக்குத் தெரியாது. மூடும் முன்பே அதைப் படமெடுத்துப் பதிவு செய்வதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்