ஆச்சி நீட்டிய 500 ரூபாய்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

சித்திரைக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால், நீ மாங்குளம் பஸ் கதையை இழுத்துத் திட்டுவாய் என்பது தெரியும். வாங்கிக்கொள்கிறேன். அம்மா சுகம், மழைதான் பிந்துகிறது.

இங்குள்ள கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு, உள்நுழைந்து அங்கத்தவர் இலக்கத்தை அடித்தால் காலபோக விதைநெல் விபரம் தெரியும் வகையில் இணையச் செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தேன். சென்ற கிழமை ஓர் ஆச்சி பேரனின் போனோடு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். திரையில் 500 என்ற எண்ணும் அருகில் இரண்டு ஆங்கிலச் சொற்களும் மட்டுமே நின்றன. அவர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த 500 ரூபாய்த் தாளை மேசையில் வைத்து, "இதைக் கட்டினா விதைநெல் தருவினமோ தம்பி?" என்று கேட்டார்.

நானும் சிரித்தேன், பிழை என்னுடையது என்று கண்டதும் சிரிப்பு நின்றது. இரண்டு தடவை பதியப்பட்டிருந்த அவர் பெயரை ஒன்றாக்கியபோது பழைய இலக்கத்தை அழித்தவன் நான்தான். செயலியை எழுதிய லாராவெல் என்ற நிரல் சட்டகத்தில் 'ஃபைண்ட்' என்று தேடினால், பதிவு இல்லாதபோது 'நல்', அதாவது வெறுமை, வரும். பெயரில் மட்டுந்தான் நல்லது. அந்த நல்லிடம் போய்ப் பெயரைக் கேட்டால் சேவர் தடுமாறி 500 காட்டும். 'ஃபைண்ட் ஓர் ஃபெயில்' என்று எழுதியிருந்தால் தானாகவே 404, அதாவது 'தேடியது இல்லை' என்ற குறியீடு, வந்திருக்கும். அவசரத்தில் 'பதிவு இல்லை' என்று அழகான பக்கம் ஒன்று செய்து, அதை 200, அதாவது 'எல்லாம் சரி', என்ற குறியீட்டோடு அனுப்பிவைத்தேன். இரவில் பட்டியல் எடுக்கும் நிரல் அதையும் கிடைத்த பதிவாகவே எண்ணிக்கொண்டது.

404உம் ஆச்சிக்குப் பொருந்தாது. 2009இல் போரில் காணி உறுதி முதல் பிறப்புச் சான்றிதழ் வரை பறிகொடுத்தவரிடம் 'அப்படி ஒன்று இல்லை' என்பது பொய். 2022இல் வெளியான, இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்.ரி.ரி.பி. முறையின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்.எஃப்.சி. 9110இல், நிரந்தரமாக அகற்றியதற்கு 410உம், இடம் மாறியதற்கு 301உம் இருக்கின்றன. ஆச்சியின் பழைய இலக்கம் இப்போது 301 வழியாகப் புதிய பதிவுக்குப் போகிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. அடுத்தவரின் பதிவைத் துழாவுபவனுக்கு, அனுமதி இல்லை என்ற 403க்குப் பதிலாக 404 கொடுத்து, பதிவு இருப்பதையே மறைக்கலாம் என்று அதே ஆவணம் இடம் கொடுக்கிறது. பாதுகாப்புக்கு அது சரிதான். ஆனால் 2017இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தியிருக்கும் அம்மாக்களைக் கடந்து வந்து, இருப்பதை இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போதைக்கு 403தான் போட்டிருக்கிறேன். இலக்கங்கள் வரிசையாக இருப்பதால், ஒன்றிலிருந்து அடித்துப் பார்ப்பவன் எவை உண்மையான இலக்கங்கள் என்று அறிந்துவிடுவான். நீ என்ன செய்வாய்?

404 பக்கத்துக்கு இரண்டு வரித் தமிழ் எழுதி அனுப்பு. எண் எதையும் பெரிதாகப் போடாதே. ஆச்சி மறுபடியும் முடிச்சை அவிழ்ப்பார்.

உன் மச்சான்