கண்ணாடிக்குள் விழுந்த மேசன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைக் கொந்தராத்தாக எடுத்திருப்பதையும், வேலையாட்களின் பாதுகாப்புப் பயிற்சிக்கு கணினிக் காட்சிக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும் வீ.ஆர். கண்ணாடி வாங்கலாமா என்று நீ கேட்டிருப்பதையும் வாசித்தேன். சென்ற மாதம் நான் படிப்பிக்கும் இடத்துக்கும் அத்தகைய கண்ணாடிகள் இரண்டு இரவலாக வந்தன. ஆகவே கண்ணால் கண்டதையே எழுதுகிறேன்.

கண்ணாடியை மாட்டியதும் 5 மீற்றர் உயரச் சாரத்தில், அதாவது கட்டட வேலைக்கு ஏறி நிற்கும் தற்காலிக மேடையில், நிற்பதாகத் தோன்றும். நாங்கள் தரையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நடக்கச் சொன்னோம். முப்பது வருடமாகச் சாரத்தில் ஏறி இறங்கிய ஒரு மேசன், தரையிலிருந்து இரண்டு விரல் உயரமுள்ள அந்தப் பலகையில் நின்றபடி என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். விளிம்பைத் தாண்டி அவர் கால் வைத்ததும் கண்ணாடிக்குள் விழுந்துவிட்டார். கழற்றியபின், “யோசிக்கவே நேரமில்லையே” என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 5 மீற்றரிலிருந்து விழுபவன் ஏறத்தாழ ஒரே விநாடியில், மணிக்கு 36 கிலோமீற்றர் அளவான வேகத்தில் நிலத்தில் மோதுகிறான். இதே கணக்கை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் கொட்டாவிதான் பதிலாகக் கிடைத்தது.

குழி வெட்டும் காட்சியும் அப்படித்தான். நம் கரையோர மணலில் மலக்குழிக்கோ கிணற்றுக்கோ இறங்குபவன் இடுப்பளவு மண்ணைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு கன மீற்றர் மணல் ஏறக்குறைய 1,600 கிலோகிராம் நிறையுடையது என்பதும், நெஞ்சுவரை மூடினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சை இழுக்க முடியாது என்பதும் சொல்லி விளங்காதவை, செய்துகாட்டவும் முடியாதவை. இப்படிப்பட்ட இடத்தில்தான் கண்ணாடிக்கு வேலை இருக்கிறது.

2013ஆம் ஆண்டில் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்று 66 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு வகுப்பறையிலும் மறுபாதியினருக்குப் பெரிய முப்பரிமாணத் திரையின் முன்னும் பயிற்சியளித்து, ஒரு மாதம் கழித்தும் சோதித்தது. கல் பதித்தல், கொங்கிறீற்று வேலை ஆகியவற்றின் ஆபத்துகளில் திரையில் பயின்றவர்கள் தெளிவாக முந்தினார்கள்; பொதுவான பாதுகாப்பு அறிவிலோ அத்தகைய வேறுபாடு இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. தலைக்கவசம் போடு என்று சொல்வதற்கு எதற்கடா கண்ணாடி?

இனிக் குறைகளைக் கேள். எங்களுக்கு வந்த காட்சியில் இரும்புக் குழாய்ச் சாரமும், சுற்றிவரக் கைப்பிடியும், படியும் இருந்தன. நம் பக்கத்தில் பல வளவுகளில் கமுகு மரத்தைக் கயிற்றால் கட்டியல்லவா ஏறுகிறார்கள்! விழாமல் தாங்க உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டியின் கொக்கியைக் காட்டி, “இந்தக் கொக்கியை எங்கட சாரத்தில எங்க சேர் மாட்டுறது?” என்று ஒரு பொடியன் கேட்டான், என்னிடம் பதிலில்லை. மேலும், கண்ணாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டி பூட்டிக்கொள்கிறது. மெய்யான பட்டியைக் கொடுத்தபோது ஐந்து பேரில் மூவர் தொடைவாரைத் தளர்வாக விட்டிருந்தார்கள். கண் அசைவைக் காண, உடல் அசையாமல் நிற்பதால் சிலருக்குத் தலைசுற்றும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டிய ஒருவன் வாந்தியே எடுத்துவிட்டான். பத்து நிமிடத்துக்கு மேல் எவருக்கும் கொடுக்காதே.

என் எண்ணம் இதுதான்: கண்ணாடியை இரவல் வாங்கு, கையிலுள்ள பணத்தைக் கைப்பிடிக்கும் பாதுகாப்புக் கயிற்றுக்கும் செலவிடு. சுற்றிவரப் படமெடுக்கும் 360 பாகைக் கமரா ஒன்றைக் கண்டுபிடித்து, உன் கட்டடத்தையே விடியற்காலையில் எடு. மின்தூக்கிக்கு விட்ட திறந்த துவாரம், பிளேட்டின் (கொங்கிறீற்றுத் தளத்தின்) விளிம்பு, மேலே போகும் மின்கம்பி ஆகியவற்றை வேலையாட்கள் கைத்தொலைபேசியிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆபத்தைத் தாமே கண்டுபிடிக்கட்டும். பட்டி கட்டுவதை இரண்டடி உயரத்தில் மெய்யாகவே பழக்கு.

படமெடுக்கும்போது மேல்தட்டின் கடற்பக்கத்தை விட்டுவிடாதே. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால், தகரத்தைத் தூக்கி நிற்பவனைக் காற்று கிழக்கு விளிம்புக்கே தள்ளும். அந்தப் பக்கத்துக் கைப்பிடியை அதற்கு முன் அடித்துவிடு. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் வந்து நானும் பார்க்கிறேன்.

உன் பழைய வகுப்புத் தோழன்