கையால் ஃபோகஸ் செய்த படத்தையும் நடுவர்கள் பார்க்கட்டும்

தைப்பூசக் காவடி புகைப்படப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். முகப்படப் பிரிவுக்கு நான் அனுப்பிய படம் நடுவர்களிடம் போகாமலேயே திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். ஃபைலில் லென்ஸ் பெயர் இல்லை, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) இடத்தில் சுழியம் இருக்கிறது, ஆகவே தகுதியில்லை என்று ஒரே வரியில் பதில்.

நான் பயன்படுத்தியது ஜூப்பிட்டர்-9, 85 மி.மீ., எஃப்/2. 1930களில் ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனத்தில் பெர்ட்டலெ வடிவமைத்த சோனார் வகையை ஒட்டி, போருக்குப் பின் சோவியத் தொழிற்சாலைகளில் செய்த லென்ஸ். கேமராவுக்குத் தகவல் சொல்ல அதில் மின் இணைப்பே கிடையாது. சுழியம் வராமல் வேறென்ன வரும்?

மொரிஷியஸின் கோர் தெ கார்ட் மலையடிவாரக் கோவிலில், காலை வெயில் ஏறுமுன் எடுத்த படம் அது. தலையில் பால் சொம்போடு ஒரு பாட்டி. ஒரு மீட்டர் சொச்சம் தூரத்தில் எஃப்/2 திறப்பில் தெளிவாக விழுவது 2 செ.மீ. ஆழம்தான். கண்ணைப் பிடித்தால் காது மங்கிவிடும். அவர் மூச்சு விட்டு அசையும்போதெல்லாம் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பித்தான் கண்ணைப் பிடித்தேன். முழுத் திறப்பில் இந்த லென்ஸ் தோலைக் கொஞ்சம் மென்மையாக்கும். ஆனால் சுருக்கங்களை அழிக்காது. நெற்றித் திருநீற்றின் பொடிகூடத் தெரிகிறது. அப்பர்ச்சரைக் குறைத்தாலும் அதன் 15 தகடுகள் துளையை வட்டமாகவே வைத்திருக்கும். பின்னால் எரியும் விளக்குகள் மூலை தட்டாமல் உருண்டையாக விழும். சுழல்வதுபோல் மங்கும் பின்னணிக்காக ஹீலியோஸ் என்ற இன்னொரு சோவியத் லென்ஸைத் தேடுகிற நம் ஆட்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. எதிர்வெளிச்சத்தில் வெளிறும், கிரீஸ் காய்ந்தால் வளையம் இறுகும், எல்லாம் சரி. முகத்துக்கு இது எவ்வளவு நல்ல லென்ஸ் என்பதைப் படத்தைப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?

போனில் மென்பொருள் பின்னணியை மங்கலாக்கிய படங்களை ஏற்றிருக்கிறீர்கள். அவற்றின் ஃபைலில் லென்ஸ், அப்பர்ச்சர் விவரங்கள் ஒழுங்காகப் பதிந்திருக்கும், உண்மைதான். ஆனால் அந்த மங்கல் கணக்குப் போட்டு வந்தது. என் படத்தில் கண்ணாடி வழியே வந்தது. இருந்தும் தகுதி இழந்தது என் படம். இப்போதெல்லாம் எங்கும் இப்படித்தான், படிவம் நிறைந்திருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. காவடிப் படங்களைப் பார்க்க அமர்ந்த குழுவும் அப்படிச் செய்தது வருத்தமாக இருக்கிறது.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படம் வேறொருவருடையதோ என்ற ஐயம்தான் காரணம் என்றால், கேமரா பதிந்த மூல ஃபைலை (ரா) அப்படியே தருகிறேன். லென்ஸையும் அதைக் கேமராவில் பொருத்தும் அடாப்டரையும் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். லென்ஸ் பெயரையும் அப்பர்ச்சரையும் கையால் எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம் விடுங்கள். முடிவு அறிவிக்குமுன், இதே காரணத்துக்காகத் தள்ளிய எல்லாப் படங்களையும் தயவுசெய்து நடுவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து ஒரு போட்டியாளர்