சருகைக் குப்பை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இலையுதிர் காடுகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மான், கரடி, மரங்கொத்தி என்று ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். குளிர்நாடுகளின் ஓக், பீச், மேப்பிள் மரங்கள் குளிர்காலத்தை முன்னிட்டு இலை உதிர்க்கின்றன, வெப்பமண்டலத்துத் தேக்கும் மருதும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்க உதிர்க்கின்றன என்ற வேறுபாட்டையும் சரியாகச் சொல்லியிருந்தார். ஆனால் உதிர்ந்த இலைக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. அதிலும் ‘குப்பையாகக் கிடக்கும் சருகு’ என்று எழுதிவிட்டார். அந்தச் சொல் இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மரம் இலையைச் சும்மா வீசி எறிவதில்லை. உதிர்வதற்கு முன்பே பச்சையத்தை உடைத்து, இலையிலிருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கால்சியம் போன்றவை பெரும்பாலும் இலையோடு கீழே வருகின்றன. அவற்றை மறுபடி வேருக்குக் கொண்டுசேர்க்கும் வேலை சருகுக்குள்தான் நடக்கிறது.

ஒருமுறை தேக்குக் காடு ஒன்றில், மழை விட்டுச் சில நாள் கழித்து, உட்கார்ந்து கையால் சருகை விலக்கிப் பார்த்தேன். மேலே இருந்தது தொட்டாலே நொறுங்கியது. அதற்கடியில் இலைகள் நனைந்த செய்தித்தாள் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இடையிடையே வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள். விரல் பட்டதும் ஒரு மரவட்டை சுருண்டுகொண்டது. இன்னும் கீழே, பச்சையெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலை, வலைத்துணி மாதிரி. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. அப்புறம் கறுப்பு மண். இலை எங்கே முடிந்தது, மண் எங்கே தொடங்கியது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைப் புரட்டிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அதில் எவ்வளவு இரை இருக்கும் என்று தெரியும். பக்கி என்ற இரவுப் பறவை கூடே கட்டாது. சருகு கிடக்கும் தரையிலேயே முட்டையிடும். அதன் இறகும் சருகு நிறம்தான். வட அமெரிக்கக் காடுகளில் ஒரு தவளை இனம், சருகுக்கடியில் உடம்பு உறைந்து, இதயத் துடிப்பும் நின்ற நிலையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பனி உருகியதும் எழுந்து போகிறது. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் சாலமாண்டர்களை (பல்லி போன்ற உருவமுள்ள, தவளைக்கு உறவான உயிரினம்) கணக்கெடுத்து 1975-ல் வெளியிட்டார்கள். பறவைகள் மிக அதிகமாக இருக்கும் இனப்பெருக்கக் காலத்தில்கூட, அவற்றின் மொத்த எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்ததாம் சாலமாண்டர்களின் எடை! பறவை நம் கண்ணில் படுகிறது, சாலமாண்டர் சருகுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சருகு போனால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் இருந்தது. ஐரோப்பியர் குடியேறியபோது செடிகளோடும் மண்ணோடும் புழுக்களும் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் தூண்டிலுக்காகக் கொண்டுபோனவர்கள் மிச்சத்தைக் கொட்டியும் பரப்பினார்கள். மண்புழு உழவருக்கு நண்பன் என்று படித்து வளர்ந்த நமக்கு இது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். பல ஆண்டுகளாகச் சேர்ந்து மெத்தை போலக் கிடந்த சருகை அவை தின்று தீர்த்துவிட்டன. மரங்கள் இலை விடுவதற்குள் அவசரமாகப் பூத்து முடிக்கும் வசந்தகாலச் சிறுசெடிகள் குறைந்தன. மேப்பிள் கன்றுகள் குறைந்தன. மரங்கள் அப்படியே நிற்கின்றன, ஆனால் அவற்றின் கீழே பல இடங்களில் வெறும் மண்தான் இருக்கிறது.

கோடையில் உலர் காடுகளில் சருகு தீப்பிடிக்கும், உண்மைதான். அதற்காகத்தான் வனத்துறையினர், தீ பரவாதபடி ஒரு பட்டையில் மட்டும் சருகை நீக்கி, தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். அந்தப் பட்டையை மட்டும் சுத்தம் செய்வது வேறு, ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று பூங்காவிலும் தோப்பிலும் பெருக்கிக் கூட்டிக் கொளுத்துவது வேறு. இரண்டாவது வேலையைச் செய்பவர்கள் நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்கிறார்கள். பத்திரிகையும் குப்பை என்று எழுதினால் அவர்களிடம் யார் எடுத்துச் சொல்வது?

சருகைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற இதழில் கட்டுரையோடு வந்த படங்கள் எல்லாமே அண்ணாந்து பார்த்து எடுத்தவை. இந்தத் தடவை உங்கள் புகைப்படக்காரரை ஒரு மரத்தடியில் மண்டியிட்டு, மேல் அடுக்கை மெதுவாக விலக்கி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் விலக்கிய சருகை அப்படியே மூடிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்